தொள்ளாயிரத்துப் பதினேழு 'வாறன்'

பத்து நிமிசம் விசைப்பலகை அசையாவிட்டால்
என் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி
மஞ்சளாகும்.
அதை மனேஜர் பார்ப்பார்.
அதற்காகத்தான் எழுதினேன் அந்த நாற்பது வரியை,
ஒரு வெள்ளி இரவு,
அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால்
மேல்மாடி அறையில், மின்விசிறி
ஒரு பக்கமாய் இழுத்து இழுத்துச் சுற்ற.

முதலில் 'போறன்' என்று அடித்தேன்.
விரல் கூசியது.
வீட்டுப் படி இறங்கும் யாரும் இங்கே
அப்படிச் சொல்வதில்லை.
மையத்துக்கூட
சொல்லாமல்தான் போகிறது.
அழித்துவிட்டு 'போயிட்டு வாறன்' என்று வைத்தேன்.

பிறகு நேரம் பார்த்துப் பதில் மாறும்படி செய்தேன்.
'தொழுதிட்டு வாறன்', 'சாப்பிட்டு வாறன்'.
தொழுகை நேரம் நாளுக்கு நாள் நகர்வதால்
பள்ளிவாசல் கலண்டரை மடியில் வைத்து
முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் கையால் அடித்தேன்.
கரண்ட் போனால் ஒன்று இருக்கட்டும் என்று தொடங்கி,
கரண்ட் போனால் அதை அனுப்புவது யார்?
தனியே சிரித்துவிட்டு அழித்தேன்.

எனக்கும் ஒண்டு எழுதித் தாடா எண்டார் காக்கா,
தோஹாவிலிருந்து.
அவருடைய மனேஜர் என்னுடையவரை விட மோசம்.
கொடுத்தேன்.
இரண்டரை மணித்தியாலம் கழிக்க மறந்ததில்
மூன்று நாள் காக்கா
காலை பத்து மணிக்கே பகல் சாப்பாட்டுக்குப் போனார்.

சிறுபோக விதைப்புக்கு முன் வயலைப் பிரித்தார்கள்.
சாகாமம் ரோட்டில், வாய்க்காலை ஒட்டி,
இரண்டே கால் ஏக்கர்.
தண்ணி முதலில் பாயும் கண்டம் யாருக்கு,
கடைசிக் கண்டம் யாருக்கு.
எழுத்தில்தான் சண்டை பிடித்தோம்.
குரலில் என்றால் நடுவில் யாருக்காவது இருமல் வந்திருக்கும்,
யாராவது எழும்பித் தண்ணி குடித்திருப்போம்.
'நீங்க எப்பவும் இப்பிடித்தான்' என்று
கடைசியாய் அனுப்பியது நான்.
போய்ப் படுத்தேன்.
அவர் அதற்கு முன்பே எழும்பிப் போயிருக்கிறார்.

விடிந்து திறந்தால்

ஜெஸீல்: போயிட்டு வாறன்.
ஹஸ்பர்: போயிட்டு வாறன்.
ஜெஸீல்: போயிட்டு வாறன்.
ஹஸ்பர்: போயிட்டு வாறன்.

அரை நிமிசத்துக்கு ஒன்று, இரவு முழுக்க.
சுபஹு நேரம் நான் 'தொழுதிட்டு வாறன்' என்கிறேன்,
அவர் பழையபடியே;
இரண்டரை மணித்தியாலம் கழித்து
அவரும் தொழப் போகிறார்.
(நான் அன்றைக்கு சுபஹு தொழவில்லை,
அல்லாஹ் மன்னிக்கட்டும்.)
எண்ணிப் பார்த்தேன், தொள்ளாயிரத்துப் பதினேழு.
இரண்டு வாய்க்கும் சொல் எழுதிக் கொடுத்தது நானே,
முற்றுப்புள்ளிகூட என்னுடையது.
இரண்டு பேர் வாசலில் நின்று
விடைபெற்றுக்கொண்டே இருக்கிறார்கள்,
ஒருவரும் படி இறங்கவில்லை,
ஒருவரும் திரும்பி உள்ளே வரவுமில்லை.

ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான் பதில் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
முதல் நாளே இருந்திருக்க வேண்டிய வரி.
புதுக் கோப்பை அவருக்கும் அனுப்பினேன்,
கோப்பை மட்டும்.
அதற்குப் பிறகு ஐந்து நாள்
மணல் மூடிய ஒலுவில் துறைமுக வாய்.
உள்ளே ஒன்றும் நுழையவில்லை.

ஆறாம் நாள், அஸர் முடிந்து:

இரிக்கியா

கேள்விக்குறி இல்லை. புள்ளி இல்லை.
நாற்பத்தொரு வரியிலும் தேடினேன்,
அந்தச் சொல் எங்கேயும் கிடையாது.

'ஓம் காக்கா' என்று அடித்து அனுப்ப,
அந்த நேரம் பார்த்துக் கரண்ட்.
ரவுட்டரின் நாலு லைட்டும் அணைந்தன.
'ஓம்'முக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம்
போகாமல் நின்று சுற்றியது.
போனைத் தூக்கிக்கொண்டு
சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கிப் பக்கம்
மொட்டை மாடிக்கு ஓடினேன், செருப்பும் போடாமல்.

கீழே, பற்றரியில் விழித்திருந்த திரையில்,
பத்து நிமிசத்தை
எண்ணத் தொடங்கியிருக்கும் அது.